மதகைச் சரிசெய்தாயிற்று. சரியாகச் செய்தார்களா என்று எப்படி மதிப்பிடுவது?



செகிஞ்சானுக்கு வந்திருக்கிறீர்களா? நெல் பச்சையாக நிற்கும் மாதங்களில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் படம் பிடிக்க வருவார்கள். வாய்க்கால் ஓரத்தில் நின்று, வயல் பின்னால் தெரிய, சிரித்துக்கொண்டு எடுப்பார்கள். அவர்கள் காலடியில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புக் கதவும் அதைத் திருகி ஏற்றும் சக்கரமும் இருக்கும். அதை யாரும் படம் எடுப்பதில்லை. அந்தப் பச்சை முழுவதும் அந்தக் கதவு திறந்து மூடுவதால்தான் இருக்கிறது என்பது எங்கள் பிள்ளைகளுக்கே சட்டென்று தோன்றுவதில்லை.

போன தவணையில் படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். 'பழைய பாசன நீர்த்தேக்கம் ஒன்றின் மதகைப் பழுதுபார்த்த பணியை மதிப்பிடுக.' வந்த கட்டுரைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எந்த ஆண்டு கட்டியது, எப்போது உடைந்தது, எவ்வளவு செலவு, யார் திறந்து வைத்தார். தகவல் இருந்தது, மதிப்பீடு இல்லை. அறுவடைக் காலத்தில் நெல் லாரி ஓட்டுபவரின் மகள் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், புதுக் கதவு போட்டாச்சுன்னா முடிஞ்சதுதானே? அதுக்கு மேல என்ன மதிப்பிடறது?"

நியாயமான கேள்விதான். அந்தப் பாட வேளையில் எனக்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர். செகிஞ்சானில் அணைக்கட்டு எதுவும் கிடையாது. தஞ்சோங் காராங் பாசனத் திட்டம் என்பது 1930களில், அதாவது 1932-ல் வடிகால் பாசனத் துறை தொடங்கப்பட்ட பிறகு உருவெடுத்தது. பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்றில் தலைமதகு வைத்து, அங்கிருந்து ஒரு வாய்க்கால் வழியாகத் தெங்கி ஆற்றுக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து, பிறகு கடற்கரைக்கு இணையாக ஓடும் பெரிய வாய்க்காலில் விடுகிறார்கள். சாவா செம்பாடான், சுங்கை பூரோங், செகிஞ்சான், சுங்கை லெமான், பாசிர் பாஞ்சாங், சுங்கை நீப்பா, பாஞ்சாங் பெடேனா, பாகான் தெராப் என்று எட்டுப் பிரிவுகள். மொத்தம் 20,000 ஹெக்டருக்குச் சற்றேறக்குறைய. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள கரிமண் சதுப்புக் காடுதான் நமக்கு இயற்கை ஏரி மாதிரி. மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுகிறது.

மலேசியாவில் பாசனத்துக்கென்று கட்டிய பழைய நீர்த்தேக்கம் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போக வேண்டும். பேராக்கில் கிரியான் வயல்களுக்காக 1906-ல் முடிந்த புக்கிட் மேரா. ரயிலில் வடக்கே போகிறவர்கள் அதன் மேலேயே கடந்து போவீர்கள். தண்டவாளம் ஏரியை வெட்டிக்கொண்டு போகிறது. நூறு வயதைத் தாண்டியும் அது நெல்லுக்குத் தண்ணீர் தருகிறது.

ஆனால் கட்டுரையில் மதிப்பிடுவதற்கு ஒரு மதகு உடைய வேண்டும், அதைச் சரிசெய்ய வேண்டும், அது பொதுவில் பதிவாகவும் வேண்டும். அதற்குப் பொருத்தமான பாடம் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் பக்கத்து மாநிலங்களிலும் கிடைக்கிறது. 2017 முதல் 2024 வரை நான்கு இடங்களில் மதகு போயிற்று. நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மதிப்பீடு தானாகவே வந்துவிடும்.

அதற்கு முன் சொற்கள். தமிழாசிரியர் என்பதால் இதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏரியிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போகும் வழிக்கு மதகு, மடை, தூம்பு என்று பெயர்கள். ஏரி நிரம்பி மிஞ்சிய நீர் வழிந்து போகும் இடம் கலிங்கு. முதலாவது நாம் வேண்டும்போது திறப்பது. இரண்டாவது ஏரியின் உயிரைக் காப்பது. இன்றைய பெரிய அணைகளிலும் இந்த இரண்டு வேலைகளும் தனித்தனிதான். ஆனால் கலிங்கிலும் இரும்புக் கதவு வைத்துவிட்டதால் பேச்சில் எல்லாவற்றையும் மதகு என்றும் ஷட்டர் என்றும் சொல்கிறோம். நாளிதழும் அப்படித்தான் எழுதுகிறது. நான் கீழே சொல்லப்போகும் நான்கில் மூன்று உண்மையில் அணையின் உபரிநீர்க் கதவுகள், ஒன்று ஆற்றின் குறுக்கே நிற்கும் கதவணை. மாணவர்கள் கட்டுரையில் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்லிவிட்டால், படித்து எழுதியிருக்கிறார் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

பழைய ஏரிகளில் குமிழித்தூம்பு என்று ஒன்று உண்டு. கரையை ஒட்டி இல்லாமல், ஏரிக்கு உள்ளே சற்றுத் தள்ளி, கல்லால் கட்டிய ஒரு தொட்டி. அதன் மேல்பக்கம் ஒரு துளை, நல்ல நீர் இறங்க. அடியில் சிறு துளைகள், வண்டலோடு கலங்கிய நீர் வெளியேற. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே நின்று அடைப்பைத் தூக்குவார்கள். தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு சுருங்கை வழியாக நீர் வயலுக்குப் போகும். இதில் நம் தலைப்புக்கு வேண்டிய விஷயம் அந்த அடித்துளைதான். கட்டும்போதே, பின்னால் பழுதாக்கப்போகிற வண்டலுக்கும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். பராமரிப்பு என்பது பிறகு யோசிக்கிற ஒன்றாக இல்லை, வடிவத்துக்குள்ளேயே இருந்தது.

நிர்வாகத்திலும் அப்படி. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைக்காகப் பாடநூலில் வரும். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அங்கே ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. யார் போட்டியிடக் கூடாது என்ற பட்டியலில் ஒரு விதியைப் பாருங்கள்: முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர், அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஏரிக்கு என்று வந்த பணமும் உழைப்பும் எங்கே போயின என்று சொல்ல முடியாதவன் மறுபடி ஏரிப் பக்கம் வரக் கூடாது. 'தேர்தல் முறை' என்ற ஒரே தலைப்பில் இதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு இது பராமரிப்பு வரலாறாகவும் படுகிறது.

இனி நான்கு சம்பவங்கள்.

கிருஷ்ணகிரி அணை, தென்பெண்ணையாற்றின் குறுக்கே. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1957-ல் திறக்கப்பட்டது. கொள்ளளவு மட்டம் 52 அடி, எட்டு ஷட்டர்கள். 2017 நவம்பர் 29-ஆம் தேதி முதல் ஷட்டர் உடைந்தது. அணை நிறைந்திருந்த நேரம். உடைந்த இடத்தில் ஆள் இறங்கி வேலை செய்ய வேண்டுமென்றால் ஷட்டரின் அடிமட்டத்துக்குக் கீழே நீர் இறங்க வேண்டும். அதனால் மற்றக் கதவுகளையும் திறந்து தேக்கிய தண்ணீரை விட்டார்கள். ஓர் இரும்புத் தகடு அரித்துப் போனதற்கு விலை, அந்தப் பருவத்துத் தண்ணீர். முதல் ஷட்டரை மாற்றினார்கள். பிறகு மற்ற ஏழையும் மாற்றினார்கள்.

இங்கே நிறுத்தி மதிப்பிடலாம். எட்டும் ஒரே காலத்தில் செய்தவை, ஒரே தண்ணீரில் நின்றவை. ஒன்று அரித்தால் மற்ற ஏழும் அதே வயதில்தான் இருக்கின்றன. ஆகவே எட்டையும் மாற்றியது சரியான முடிவு. ஆனால் அறுபது ஆண்டில் அந்தக் கேள்வியை ஒன்று உடைந்த பிறகுதான் கேட்டார்கள். 'பணி நன்று, காலம் தாழ்ந்தது' என்று ஒரு மாணவர் எழுதினால் நான் முழு மதிப்பெண் தருவேன்.

அடுத்த ஆண்டே முக்கொம்பு. திருச்சிக்கு மேற்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். 1836-ல் ஆர்தர் காட்டன் காலத்தில் அங்கே மேலணை எழுந்தது. ஷட்டர்கள் பிற்காலத்தில் வந்தவை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, காவிரியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது, கொள்ளிடப் பக்கத்து 45 ஷட்டர்களில் ஒன்பது, மேலே இருந்த பாலத்தோடு சேர்ந்து சரிந்தன. மணல் மூட்டைகளைப் போட்டு அடைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த ஞாபகம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். ஆள் ஆளாக நின்று மூட்டையைக் கை மாற்றினார்கள். பிறகு பழையதற்குக் கீழ்ப்புறத்தில் புதிய கதவணை, 387.60 கோடி ரூபாய் மதிப்பில்.

கிருஷ்ணகிரியில் போனது கதவு. முக்கொம்பில் கதவைத் தாங்கிய தூணே போயிற்று. தூண் ஏன் போனது? ஆற்றில் மணல் அள்ளியதால் படுகை தாழ்ந்து அடித்தளம் பலவீனமானது என்று விவசாயச் சங்கங்களும் எதிர்க்கட்சிகளும் குற்றம் சாட்டின. அரசு மறுத்தது. தேர்வு மாணவர்கள் இதில் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் இரண்டு விளக்கங்களும் நம் கண்ணைக் கதவிலிருந்து ஆற்றின் அடிக்குக் கொண்டுபோகின்றன என்பதை எழுதலாம். அடித்தளம் போன இடத்தில் ஒன்பது புது ஷட்டர் மாட்டினால் என்ன பயன்? அந்த இடத்தை விட்டு நகர்ந்து புதிதாகக் கட்டியது, செலவு பெரிதாக இருந்தாலும், நோய்க்கு ஏற்ற மருந்து.

மூன்றாவது பரம்பிக்குளம். இதில்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பரம்பிக்குளம் அணை கேரளத்தில், பாலக்காடு மாவட்டக் காட்டுக்குள் இருக்கிறது. இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. இரு மாநில ஒப்பந்தப்படி அங்கிருந்து சுரங்கமும் வாய்க்காலுமாக வரும் தண்ணீர் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கத் தண்ணீர் போதாது என்பதால் நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். முறை என்றால் விவசாயிக்கு அது நாள்காட்டியில் வட்டம் போட்ட தேதி. அந்த முறை தவறினால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அணையின் முழு மட்டம் 72 அடி, கொள்ளளவு 17.82 டிஎம்சி. (டிஎம்சி நமக்குப் பழக்கமில்லாத அளவு: நூறு கோடி கன அடி, ஏறக்குறைய 2 கோடியே 83 லட்சம் கன மீட்டர்.) மூன்று ஷட்டர்கள். ஒவ்வொன்றும் 42 அடி அகலம், 27 அடி உயரம், சுமார் 35 டன் எடை. இவ்வளவு கனத்தை மோட்டார் மட்டும் தூக்க முடியாது என்பதால் மறுபக்கம் கான்கிரீட் எதிர் எடை தொங்கும், கிணற்று ஏற்றம் மாதிரி. இரண்டையும் இணைப்பது சங்கிலி.

2022 செப்டம்பர் 21 விடியுமுன், அணை கிட்டத்தட்ட நிரம்பியிருந்த நேரத்தில், நடு ஷட்டரின் சங்கிலி அறுந்தது. ஷட்டர் பிய்த்துக்கொண்டு போயிற்று. விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி தண்ணீர், தமிழ்நாட்டு வயலுக்குப் போகவேண்டியது, எதிர்த்திசையில் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. கேரளத்தில் ஆற்றோர மக்களுக்கு எச்சரிக்கை விட்டார்கள். நீர் ஷட்டரின் அடிமட்டத்துக்கு இறங்கும்வரை யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. போனது சுமார் 6 டிஎம்சி.

6 டிஎம்சி என்றால் எவ்வளவு? நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 17 கோடி கன மீட்டர். நெல் ஒரு போகத்துக்கு ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஹெக்டருக்கு 10,000 கன மீட்டர். ஆக 17,000 ஹெக்டருக்கான தண்ணீர். தஞ்சோங் காராங் திட்டத்தின் எட்டுப் பிரிவில் பெரும்பகுதிக்கு ஒரு போகம். பாகான் தெராப்பிலிருந்து செகிஞ்சான் தாண்டி இந்தப் பக்கம் வரை நிற்கும் பச்சை, ஒரே சங்கிலியில். வகுப்பில் இதைச் சொன்னபோதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இன்னொரு கணக்கு, அறிவியல் பிரிவு மாணவர்கள் இருந்தால் கொடுத்துப் பாருங்கள். நீர் அழுத்தம் ஆழத்தோடு கூடும். 27 அடி உயரமும் 42 அடி அகலமும் உள்ள கதவின் மேல், நீர் அதன் உச்சி வரை நிற்கும்போது, மொத்தத் தள்ளுவிசை 430 டன்னுக்குக் குறையாது. அதிலும் பெரும்பங்கு கீழ்ப்பாதியில். ஆகவே மேலே பூசிய பெயின்ட் பளபளப்பாக இருப்பதைப் பார்த்துக் கதவு நன்றாக இருக்கிறது என்று சொல்வது, நோயாளியின் சட்டையைப் பார்த்துவிட்டு நாடி சரியாக இருக்கிறது என்பதைப் போல.

பரம்பிக்குளத்தில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் இறுதியில் நடப்புக்கு வந்தது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அணையையும் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது அது. அதற்கு முன்பே, 2012-லிருந்து உலக வங்கிக் கடனோடு ஏழு மாநிலங்களில் இருநூறுக்கு மேற்பட்ட அணைகளைப் புனரமைக்கும் திட்டமும் நடந்தது; தமிழ்நாடும் அதில் ஒன்று. சட்டம், பணம், ஆய்வு எல்லாம் இருந்த காலத்தில்தான் சங்கிலி அறுந்தது. ஆய்வு என்று பதிவேட்டில் இருந்தால், எதை ஆய்ந்தார்கள் என்று அடுத்த கேள்வி கேளுங்கள். சங்கிலியின் கண்ணியைத் தொட்டுப் பார்க்க யாராவது மேலே ஏறினார்களா? கண்ணால் பார்த்ததா, கருவி வைத்துச் சோதித்ததா? அரை நூற்றாண்டாக இழுபட்ட இரும்பில் வெடிப்பு இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். பொறியாளர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆனால் கட்டுரை எழுதும் நாமும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, துங்கபத்திரை. கர்நாடகத்தில் ஹொசப்பேட்டைக்கு அருகில். சென்னை மாகாணமும் ஐதராபாத் சமஸ்தானமும் சேர்ந்து தொடங்கியது, சென்னைப் பொறியாளர் திருமலை ஐயங்கார் முன்னின்று கட்டியது, 1953-ல் முடிந்தது. ஆரம்பத்தில் 133 டிஎம்சி கொண்ட ஏரி, வண்டல் படிந்து 105 டிஎம்சி சொச்சமாகக் குறைந்துவிட்டது. (குமிழித்தூம்பின் அடித்துளையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.) 33 கதவுகள். 2024 ஆகஸ்ட் 10 இரவு, 19-ஆவது கதவின் சங்கிலி அறுந்து கதவு அடித்துச் செல்லப்பட்டது. மறுபடியும் சங்கிலி! பரம்பிக்குளம் நடந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை.

அழுத்தத்தைக் குறைக்க மற்றக் கதவுகளையும் திறந்தார்கள். கிருஷ்ணகிரியிலும் பரம்பிக்குளத்திலும் நடந்ததுபோல நீர் கீழே இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று முதலில் பேச்சு. அப்படியானால் பாதிக்கு மேல் ஏரி காலி. மூன்று மாநிலத்து விவசாயிகள் நாற்று விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஓய்வுபெற்ற அணைக்கதவு நிபுணர் கன்னையா நாயுடுவை அழைத்தார்கள். ஒரே பெரிய கதவுக்குப் பதிலாக ஐந்து துண்டாகத் தடுப்புகளைச் செய்து, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே கிரேன் வைத்து ஒவ்வொன்றாக இறக்குவது என்று முடிவு. ஆகஸ்ட் 16 இரவு முதல் துண்டு உட்கார்ந்தது. மறுநாள் மற்றவையும். ஒரு வாரத்தில் ஓட்டை அடைபட்டது, மிஞ்சிய தண்ணீர் ஏரியில் நின்றது. பிறகு பெய்த மழையில் ஏரி மறுபடி ஏறியது.

செய்தியாகப் பார்த்தால் வெற்றி. செய்தவர்களுக்கு மாலை போட்டார்கள், போடவேண்டியதும்தான். ஆனால் மதிப்பிடுவது அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. மிச்சம் 32 கதவுகள் அதே வயது, அதே சங்கிலி. நிபுணர் குழு பார்த்துவிட்டு எல்லாக் கதவுகளையும் மாற்றச் சொன்னது. அதுவரை 2025-ல் 80 டிஎம்சிக்கு மேல் தேக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதாவது 25 டிஎம்சி இடம் இருந்தும், கதவின் மேல் நம்பிக்கை இல்லாததால் தண்ணீரை விட்டுவிட வேண்டியிருந்தது. பரம்பிக்குளத்தில் போனதைப்போல நான்கு மடங்கு, இங்கே திட்டமிட்டே போயிற்று. யாரும் இதைப் படம் பிடித்துப் போடவில்லை. விவசாயிக்கு மட்டும் தெரியும்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லப்போனால், குறைத்துத் தேக்குவது என்று துணிந்து அறிவித்ததுதான் இந்த நான்கு கதையிலும் நேர்மையான பழுதுபார்ப்பு முடிவு என்பது என் கருத்து. 'கதவு சரியாகிவிட்டது, நிரப்புங்கள்' என்று சொல்வது எளிது. அடுத்த போகத்துக்குத் தண்ணீர் குறையும் என்று வயல்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். ஆசிரியர் சிலர் இதில் என்னோடு உடன்படமாட்டீர்கள். 32 கதவையும் பத்து ஆண்டுக்கு முன்பே மாற்றியிருந்தால் இந்தத் துணிச்சலே தேவைப்பட்டிருக்காது என்பீர்கள். அதுவும் சரிதான்.

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகடு, தூண், சங்கிலி, சங்கிலி. முதல் இரண்டில் பழுதும் தீர்வும் பொருந்தின. மூன்றாவதில் வந்த எச்சரிக்கை நான்காவது இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மாநிலம் வேறு, துறை வேறு, கோப்பு வேறு. சங்கிலி மட்டும் ஒன்றுதான்.

தேர்வுத் தாளில் இப்படிக் கேள்வி வந்தால் எங்கே தொடங்குவது என்று மாணவர்கள் கேட்பீர்கள். செலவுத் தொகையை முதல் வரியில் எழுதாதீர்கள். எந்த உறுப்பு போனது என்று தொடங்குங்கள். போன உறுப்புக்கும் மாற்றிய உறுப்புக்கும் பொருத்தம் உண்டா என்று பாருங்கள். அதே வயதில் பக்கத்தில் நிற்பவற்றை என்ன செய்தார்கள் என்று தேடுங்கள். இந்த ஒரு தகவல் கிடைத்தால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி. அடுத்த முறை கெட்டால் ஏரியைக் காலி செய்யாமல் வேலை பார்க்க வழி வைத்தார்களா என்பதையும் விடாதீர்கள். தடுப்புப் பலகை இறக்க முன்கூட்டியே காடி வெட்டிய அணை உண்டு, வெட்டாத அணை உண்டு. பணி நடந்தபோது யாருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்பதை ஒரு பத்தியாவது எழுதுங்கள். ஆதாரம் எதுவாக இருந்தாலும் அது யார் சொன்னது என்று குறியுங்கள். திறப்பு விழா அறிக்கையும் விவசாயச் சங்க மனுவும் ஒரே மதகைப் பற்றி இரண்டு விதமாகப் பேசும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதை வகுப்பறைக்குள்ளேயே முடித்துவிடாதீர்கள். கோலசிலாங்கூர் வட்டாரப் பள்ளிகளுக்கு வாய்க்கால் தூரமில்லை. தோட்டப்புறப் பள்ளிகளாக இருந்தாலும் செம்பனைக்கு நடுவே வடிகால் கதவு ஒன்றாவது இருக்கும். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். வேலியைத் தாண்டாமல், பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு, தூர நின்று பார்க்கச் சொல்லுங்கள். கதவை எது தூக்குகிறது? திருகா, சங்கிலியா? மூடியிருக்கும்போது ஓரத்தில் கசிகிறதா? கசிவு தெளிந்த நீரா, கலங்கலா? மண்கரையில் கலங்கல் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், தெளிந்த நீரைவிட அதுதான் பயப்பட வேண்டியது. நம் பெற்றோர், தாத்தா பாட்டி காலத்தில் பொதுப்பணித்துறையிலும் வடிகால் வேலையிலும் இருந்தவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் பாடநூலில் இல்லாதது கிடைக்கும்.

அந்த மாணவி கட்டுரையைத் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள். பரம்பிக்குளத்தைத்தான் எடுத்திருந்தாள். கடைசிப் பத்தியில் தன் அப்பாவிடம் கேட்டதைச் சேர்த்திருந்தாள். அவர் லாரியை நிறுத்தும் வரப்புப் பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கிறதாம். சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக மாற்றினார்கள், தகடு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறதாம். "ஆனா கதவு நிக்கிற சிமெண்டுக்குப் பக்கத்துல மண்ணு உள்வாங்குது, மழை பெஞ்சா அங்க குழி விழுது" என்று அவர் சொன்னதை அப்படியே, பேச்சுத் தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தாள். கட்டுரையில் பேச்சு வழக்கு வரலாமா டீச்சர் என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி.

வரலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.